சிவப்புப் பீரங்கியிலிருந்து கஸ்தியோன் வரை

கெண்ட், செவ்வாய்க்கிழமை

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தைத் தாண்டி லேயே ஆற்றை நோக்கி நடந்தால், ஒரு சிறிய திடலில் அது கிடக்கிறது. கருஞ்சிவப்புச் சாயம் பூசிய இரும்புக் குழாய். 5 மீட்டர் நீளம், 12 டன்னுக்கு மேல் எடை, 64 சென்டிமீட்டர் வாய். ஊர்க்காரர்கள் இதை டுல்லே கிரீட் என்று அழைக்கிறார்கள். ஐரோப்பாவின் ஆரம்பகாலப் பீரங்கிகளைப் பார்க்கவென்றே ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பியவன் நான். அதனால் முதல் வேலையாக இங்கேதான் வந்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வார்ப்பு மாதிரி தெரிகிறது. பக்கத்தில் போனால்தான் வரிவரியாக வளையங்கள் தெரிகின்றன. 61 வளையங்கள். அவற்றுக்கு உள்ளே, நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் 32 இரும்புப் பட்டைகள். வாய்க்குள் கையை விட்டுத் தடவினேன். பட்டைகள் சேரும் இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இவ்வளவு இரும்பை உருக்கி ஒரே அச்சில் ஊற்ற ஐரோப்பாவில் யாராலும் முடியாது. கொல்லர் உலையில் கிடைப்பது கட்டி இரும்பு. அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துப் பட்டையாக்க வேண்டும். பட்டைகளை வட்டமாக நிறுத்தி, வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி மேலே மாட்டி, குளிரவிட்டு இறுக்கினார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் நம் பெரிய பீரங்கியும் வார்த்ததல்ல, இதே வழியில் பட்டையும் வளையமும் சேர்த்துக் காய்ச்சி அடித்ததுதான். அது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இந்த முறையின் பலவீனமும் அந்த இணைப்புகளில்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் பற்று சரியில்லை என்றால் வெடிக்கும்போது வாயு அங்கே பிய்த்துக்கொண்டு வெளியேறும். பர்கண்டிக் கோமகன் பிலிப், இதன் தங்கை போன்ற ஒரு பீரங்கியை 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு அனுப்பினார். மோன்ஸ் நகரில் 1449இல் செய்த அந்த ‘மோன்ஸ் மெக்’ இன்றும் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. பீரங்கிகள் மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்த ஜேம்ஸ், 1460 ஆகஸ்ட் 3 அன்று ராக்ஸ்பர்க் முற்றுகையில், பக்கத்தில் நின்ற வேறொரு பீரங்கி வெடித்துச் சிதறியதில் இறந்தார். அவருக்கு வயது 29.

டுல்லே கிரீட்டின் பின்பகுதி குறுகலானது. வெடிமருந்து போடும் அறை அது. அக்காலத்து ஜெர்மானியக் கைநூல் ஒன்று சொல்லும் கணக்குப்படி அறையை ஐந்து பங்காகப் பிரிக்க வேண்டும். மூன்று பங்கு மருந்து, ஒரு பங்கு வெற்றிடம், ஒரு பங்கு மரக்கட்டை அடைப்பு. அதற்கு முன்னால் குண்டு. இந்த வாய்க்கு ஏற்ற கல்லுருண்டை சுமார் 300 கிலோ இருக்கும். கல்தச்சர்கள் உளியால் கொத்தி, அளவு பார்த்து, மறுபடி கொத்திச் செய்ய வேண்டும். பிறகு ஆப்பு வைத்து, களிமண் பூசி அடைக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில தடவைகள் சுட்டாலே பெரிய காரியம்.

கெண்ட் மக்கள் உப்பு வரியை எதிர்த்துத் தங்கள் கோமகன் பிலிப்போடு மோதியபோது, 1452இல் ஔடனார்டே நகரை முற்றுகையிட்டார்கள். இந்தப் பீரங்கியை அங்கே கொண்டுபோனார்கள், தோற்றுத் திரும்பும்போது விட்டுவிட்டு வந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1578இல்தான் இது கெண்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த மோதல் முடிந்த விதம் இன்னும் கொடுமை. 1453 ஜூலை 23, காவெரே என்ற இடத்தில் இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது, கெண்ட் படையின் பீரங்கிக்காரர் ஒருவரிடமிருந்து திறந்திருந்த மருந்து மூட்டையில் தீப்பொறி விழுந்தது. அவர் ஓடுங்கள் என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் ஓடினார்கள். என்ன நடந்தது என்று தெரியாத பின்வரிசையும் ஓடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கெண்ட் பணிந்தது.

அந்த ஜூலை 23 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் கடைசி ஊரில் நடந்தது அதற்கு ஆறு நாள் முந்தியது.

பாரிஸ், புதன்கிழமை

நேற்றைய பதிவைப் படித்த ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: நகர்த்தவே முடியாத அளவுக்கு அவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள்? சிறியதாக நாலைந்து செய்திருக்கலாமே?

என்னைப் பொறுத்தவரை பீரங்கியின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இன்வலீட் மாளிகையின் படை அருங்காட்சியகத்தில் இன்று பாதி நாள் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன்.

ஐரோப்பாவில் பீரங்கி சிறியதாகத்தான் பிறந்தது. 1326 பிப்ரவரியில் ஃபுளோரன்ஸ் நகர அரசு உலோகப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் செய்ய ஆட்களை நியமித்த ஆணை இருக்கிறது. அதே காலத்தில் இங்கிலாந்தில், இளம் அரசர் மூன்றாம் எட்வர்டுக்காக வால்டர் டி மிலமீட் தயாரித்த கையெழுத்துப் பிரதியில் முதல் ஓவியம் வருகிறது. மேசை மேல் படுக்கவைத்த, வயிறு பெருத்த ஒரு ஜாடி. அதன் வாயிலிருந்து பெரிய அம்பு ஒன்று புறப்படுகிறது. கவசம் அணிந்த ஒருவர் பின்னால் நின்று காய்ச்சிய கம்பியால் தீ வைக்கிறார். ஸ்வீடனில் கிடைத்த லோஷுல்ட் பீரங்கியும் இதே ஜாடி வடிவம்தான். நீளம் வெறும் 30 சென்டிமீட்டர். ஒருவர் கையில் தூக்கிப் போய்விடலாம்.

அந்த ஜாடியால் குதிரையை மிரள வைக்கலாம், சில ஆட்களைக் கொல்லலாம். மதிலை ஒன்றும் செய்ய முடியாது. மதிலை உடைக்க வேண்டுமென்றால் குண்டுக்கு வேகம் வேண்டும் அல்லது எடை வேண்டும். வேகம் தர அன்றைய மருந்தால் முடியவில்லை. அதனால் எடையைக் கூட்டினார்கள். குண்டு பெருத்தது, குழாய் பெருத்தது, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் டுல்லே கிரீட்டில் வந்து நின்றது. ஆக, அந்த ராட்சத உடம்பு வலிமையால் வந்ததல்ல, மருந்தின் பலவீனத்தால் வந்தது.

மருந்து ஏன் பலவீனம்? வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றையும் மாவாக அரைத்துக் கலந்தார்கள். வண்டியில் ஏற்றிக் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோகும்போது கனமானது அடியிலும் லேசானது மேலேயுமாகப் பிரிந்துவிடும். களத்தில் போய் மறுபடி கலக்க வேண்டும். ஈரம் பட்டால் கெட்டுவிடும். மாவு நெருங்கிப் படிந்திருப்பதால் தீ உள்ளே பரவ இடமில்லை, எரிவதும் மெதுவாக எரியும். கைநூல் ஒரு பங்கு வெற்றிடம் விடச் சொன்னது அதற்காகத்தான்.

பிறகு யாரோ மருந்தைச் சாராயத்திலோ காடியிலோ நனைத்து, உருட்டி, காயவைத்து, நொறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பரவுகிறது. குருணையாக இருக்கும் மருந்தில் மணிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. தீ ஒரே நொடியில் எங்கும் பாய்கிறது. வண்டியில் குலுங்கினாலும் பிரிவதில்லை. ஈரமும் சட்டென்று ஏறுவதில்லை. யார் முதலில் செய்தார் என்று பெயர் இல்லாத இந்தக் காரியம், பெயரோடு இருக்கும் எல்லாப் பீரங்கிகளையும் விடப் பெரியது என்று நினைக்கிறேன்.

வெடியுப்பும் மலிந்தது. தொழுவத்து மண், சுண்ணாம்பு, சாம்பல், சிறுநீர் எல்லாம் சேர்த்துக் குவித்து மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பு எடுக்கும் குழிகளை ஜெர்மானிய நகரங்கள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமைத்தன. (17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் பிகாரின் வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனது வேறு கதை.) விலை இறங்கியதும் பீரங்கிக்காரர்கள் நிறையச் சுட்டுப் பழக முடிந்தது.

ஆனால் குருணை மருந்தைப் பழைய பட்டை வளையப் பீரங்கியில் போட்டால் பீரங்கியே வெடித்துவிடும். அதற்குத் தாங்கும் குழாய் வேண்டும். கோவில் மணி வார்ப்பவர்கள் இங்கே உள்ளே வருகிறார்கள். வெண்கலத்தில் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பாக ஊற்ற அவர்களுக்குத் தெரியும். இன்று அருங்காட்சியகத்தில் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த வெண்கலப் பாம்பார்டு (கல்குண்டு எறியும் பெரிய முற்றுகைப் பீரங்கி) ஒன்றைப் பார்த்தேன். புனித யோவான் வீரர்களுடையது, 15ஆம் நூற்றாண்டின் இறுதி. 3 டன்னுக்கு மேல் எடை, 260 கிலோ கருங்கல் குண்டு. அகலமும் குட்டையுமான பழைய உருவம்தான், ஆனால் வார்ப்பு புதிது. அதே கூடத்தில் இரும்பு வெக்லேர்களும் இருக்கின்றன. பின்னறையைத் தனியாகக் கழற்றி, மருந்து நிரப்பிய இன்னொன்றை மாட்டிச் சுடலாம். வேகமாகச் சுட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கழற்றும் அறையிலேயே தெரிகிறது.

மோன் சான் மிஷேல், வெள்ளிக்கிழமை

பாரிஸின் லா ஷாப்பலில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் காரில் அழைத்து வந்தார். நாலு மணி நேரத்துக்கும் மேல். வழி முழுக்கச் சோளக்காடும் மழையும்.

மடாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் முதல் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். வாசலின் உள்முற்றத்தில் இரண்டு இரும்புப் பாம்பார்டுகள் இருக்கின்றன. ‘மிஷலெட்’ என்று பெயர். 1434 ஜூன் மாதம் ஸ்கேல்ஸ் பிரபு தலைமையில் ஆங்கிலப் படை மணல்வெளி வழியாக வந்து இந்தத் தீவைத் தாக்கியது. லூயி தெஸ்தூத்வில் தலைமையில் உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டினார்கள். ஓடியவர்கள் இவற்றை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. அன்றிலிருந்து இவை இங்கேயே இருக்கின்றன. கூட்டம் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போகிறது.

கெண்டில் சாயத்துக்குள் மறைந்திருப்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. சாயம் இல்லை. உப்புக்காற்று தின்ற இரும்பு. வளையங்கள் தேய்ந்து, சில இடங்களில் அடியிலிருக்கும் நெடும்பட்டைகள் விலா எலும்பைப் போல வெளியே வந்துவிட்டன. ஒன்றின் வாய்க்குள் கல்லுருண்டை இன்னும் இருக்கிறது.

தம்பி நெடுநேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, எங்கட ஊரில ஷெல் கூவிக்கொண்டு வரேக்க பங்கருக்குள்ள ஓடுவம். இஞ்ச இருந்த சனம் எங்க ஓடினது?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1415இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஆர்ஃப்ளர் துறைமுகத்தை ஐந்து வாரம் முற்றுகையிட்டு இரவு பகலாகச் சுட்டார். ஊர்க்காரர்கள் இரவில் வந்து, இடிந்த மதிலை மரக்கட்டையும் மண் நிரப்பிய பீப்பாயும் வைத்து அடைத்தார்கள். தெருக்களில் களிமண்ணும் எருவும் கனமாகக் கொட்டிப் பரப்பினார்கள். விழுகிற கல் தெறித்துச் சிதறாமல் அதற்குள் புதைய வேண்டும் என்று.

“மண் மூட்டை” என்றார் தம்பி. “நாங்களும் அதுதானே அடுக்கினாங்கள்.”

நான் அதற்குமேல் அவரிடம் பீரங்கிக் கதை எதுவும் சொல்லவில்லை. இருவரும் மேலே ஏறிப் போனோம். மாலையில் கடல் ஏறி வந்தது.

ஃபூஜேர், சனிக்கிழமை

மோன் சான் மிஷேலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். தம்பி காலையில் இங்கே இறக்கிவிட்டுப் பாரிஸ் திரும்பினார்.

ஃபூஜேர் கோட்டையை ஒரு முறை சுற்றி வந்தால் மதில் கட்டியவர்களின் பயம் நூற்றாண்டு வாரியாகத் தெரியும். பழைய கோபுரங்கள் உயரமும் ஒல்லியும். ஏணி வைத்து ஏறுபவனுக்குப் பயந்தவை. தெற்குப் பக்கம் இருக்கும் ரவூல், சூரியன் என்ற இரு கோபுரங்களும் வேறு சாதி. 1480களில் கட்டியவை. குதிரை லாட வடிவம், குந்தி உட்கார்ந்த உருவம், சுவர் கனம் சுமார் 7 மீட்டர். கீழ்மட்டத்தில் பீரங்கித் துளைகள். உள்ளே போய்ச் சுவரின் கனத்தைக் காலால் நடந்து அளந்தேன். ஒரு வீட்டின் முன்வாசலிலிருந்து கொல்லை வரை நடப்பது போன்ற தூரம்.

‘சூரியன்’ என்பது பிரான்சுவா த சூரியன் என்ற அரகோன் நாட்டுக் கூலிப்படைத் தலைவரின் பெயர். 1449 மார்ச்சில் ஆங்கிலேயர் தரப்பில் அவர் இந்த ஊரை இரவில் ஏறிப் பிடித்துக் கொள்ளையடித்தார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே இருந்த சமாதான ஒப்பந்தம் அதோடு முறிந்தது. பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்ல்ஸ் நார்மண்டிக்குள் படையை அனுப்பினார். அதன் பலன்தான் இந்தப் பயணத்தின் கடைசி ஊரான கஸ்தியோனில் நடந்த போர்.

ஆனால் இந்த 7 மீட்டர்ச் சுவர் காப்பாற்றியதா என்றால், இல்லை. ஃபூஜேர் அன்று பிரெஞ்சு அரசருக்கு அடங்காத பிரெத்தோன் கோமகனுடையது. 1488 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி லா த்ரெமுய் பீரங்கிகளோடு வந்தார். சுமார் ஒரே வாரத்தில் ஊர் பணிந்தது. ஏன் என்று சூரியன் கோபுரத்தின் உச்சியில் நின்றால் தெரிகிறது. கோட்டை பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மேடு. அம்புக்காலத்தில் அது பெரிய குறையில்லை, நான்சோன் ஆறு அகழியை நிரப்பியது போதும். பீரங்கிக்காலத்தில் மேட்டில் நிற்பவன் கை ஓங்கியது. சுவரைத் தடிமனாக்கினார்கள், இடத்தை மாற்ற அவர்களால் முடியவில்லை. இத்தாலியர்கள் பிறகு மதிலைத் தாழ்த்தி, மண்ணை நிரப்பி, கூர்முனைக் கொத்தளங்களாகத் திருப்பியபோதுதான் உண்மையான விடை கிடைத்தது. ஆர்ஃப்ளர் மக்கள் இரவோடு இரவாக மண்ணைக் கொட்டிக் கண்டுபிடித்ததை, கட்டடக் கலைஞர்கள் முழுமையாக ஏற்க நூறு வருடம் ஆகியிருக்கிறது.

ரயிலில், ஞாயிற்றுக்கிழமை

ரென்னிலிருந்து போர்தோ. ஜன்னலில் ஒன்றுமில்லை, சமவெளி. ஏழாம் சார்ல்ஸின் பீரங்கிப் படையை நடத்திய பூரோ சகோதரர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ழான் பூரோ, காஸ்பர் பூரோ. பிரபுக்கள் இல்லை. ழான் சட்டமும் கணக்கும் படித்தவர், அரசரின் பொருளாளராக இருந்தவர். ஒரு முற்றுகைக்கு எத்தனை வண்டி, எத்தனை மூட்டை மருந்து, எத்தனை குதிரை, யாருக்கு எப்போது சம்பளம் என்பதெல்லாம் அவர் கையில். பீரங்கியைக் கலையாகப் பார்த்த காலத்தில் இவர்கள் அதை நிர்வாகமாகப் பார்த்தார்கள். 1449-50இல் ஏறக்குறைய ஒரே வருடத்தில் நார்மண்டி முழுவதும் திரும்பக் கிடைத்தது. பல ஊர்கள் பீரங்கியை நிறுத்தியதைப் பார்த்ததுமே கதவைத் திறந்தன. செர்பூர் முற்றுகையில் கடற்கரை மணலிலேயே பீரங்கிகளை வைத்தார்கள். கடல் ஏறும்போது கொழுப்புப் பூசிய தோலால் மூடிவிட்டு ஒதுங்குவார்கள், இறங்கியதும் வந்து சுடுவார்கள். நேற்று முன்தினம் மோன் சான் மிஷேலில் அந்தக் கடல் ஏறும் வேகத்தைப் பார்த்தேன். அதை நம்பிப் பீரங்கியை மணலில் வைக்க எவ்வளவு துல்லியமான கணக்கு வேண்டும்!

குண்டும் மாறிக்கொண்டிருந்தது. ஊதுலைகள் பெருகி வார்ப்பிரும்பு கிடைக்கத் தொடங்கியது. இரும்பு கல்லைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அதே எடைக்குச் சின்னக் குண்டு போதும், சின்னக் குண்டுக்கு ஒல்லிக் குழாய் போதும். கல் மதிலில் பட்டு உடையும், இரும்பு உடையாது. பொறுக்கி எடுத்து மறுபடி சுடலாம். 300 கிலோ கல்லைத் தூக்கிய காலம் இப்படித்தான் முடிவுக்கு வரத் தொடங்கியது.

கஸ்தியோன், திங்கட்கிழமை

போர்தோவிலிருந்து லிபூர்ன் வழியாகச் சிறிய ரயில். இருபுறமும் திராட்சைத் தோட்டம். தோர்தோன் ஆற்றங்கரையில் அமைதியான ஊர், பெயரிலேயே போரைச் சேர்த்து வைத்திருக்கிறது: கஸ்தியோன் லா பத்தாய்.

1453 ஜூலையில் ழான் பூரோ ஊர் மதிலை ஒட்டித் தன் பீரங்கிகளை நிறுத்தவில்லை. கொஞ்சம் விலகி, லிதுவார் ஓடைக்குப் பக்கத்தில், பள்ளம் வெட்டி மண்ணணை எழுப்பி முகாம் அமைத்தார். பழைய ஓடைப்பாதையின் வளைவை ஒட்டி அந்த அணை கோணல்மாணலாகப் போகும். அதன் மேல் சிறிதும் பெரிதுமாக, கைத்துப்பாக்கிகளையும் சேர்த்துச் சுமார் 300 சுடுகருவிகள். கோணலாக இருப்பதால் நேரே வருபவன் மேல் பக்கவாட்டிலிருந்தும் குண்டு பாயும். நடந்து பார்த்தேன். அணை இப்போது இல்லை, வயலும் கொடியும்தான். ஆனால் ஓடை அதே வளைவில் போகிறது.

ஆங்கிலத் தளபதி ஜான் டால்பட் அறுபதைக் கடந்தவர். முன்பு பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு, இனி அவர்கள் அரசருக்கு எதிராகக் கவசம் அணிவதில்லை என்று சத்தியம் செய்து விடுதலையானவர். ஜூலை 17 காலை, முகாமிலிருந்து புழுதி கிளம்புகிறது, பிரெஞ்சுப் படை ஓடுகிறது என்று அவருக்குச் செய்தி வந்தது. உண்மையில் வெளியே அனுப்பப்பட்டவை குதிரைகளும் ஏவலாட்களும். பின்னால் வரும் காலாட்படைக்குக் காத்திருக்காமல் அவர் தாக்கினார். தன் சத்தியத்தைக் காத்து, கவசமில்லாமல் குதிரையில் வந்தார். மண்ணணை நெருப்பைக் கக்கியது. பக்கவாட்டிலிருந்து, பிரெஞ்சுத் தரப்பில் நின்ற பிரெத்தோன் குதிரைப்படை பாய்ந்தது. டால்பட்டின் குதிரையை ஒரு குண்டு வீழ்த்த, அடியில் சிக்கிய அவரைக் கோடரியால் கொன்றார்கள். மறுநாள் அவருடைய கட்டியக்காரர் பிணத்தின் வாய்க்குள் விரல் விட்டு, பல் விழுந்த இடைவெளியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

ஆற்றங்கரையில் அவர் விழுந்ததாகச் சொல்லும் இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வென்ற பூரோவுக்கு அந்தக் கரையில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. நான் பார்க்க வந்தது பூரோவின் கணக்கைத்தான். இங்கே மதிலை உடைக்கவில்லை, 300 கிலோ கல் இல்லை, தனிப்பெயர் வைத்த ராட்சதன் இல்லை. வண்டியில் ஏற்றி வரக்கூடிய, குருணை மருந்து போட்ட, நிறையச் சின்னக் குழாய்கள், சரியான கோணத்தில், மண்ணுக்குப் பின்னால். காவெரேயில் கெண்ட் படை ஒரு மூட்டை மருந்துக்குப் பயந்து ஓடியதற்கு ஆறே நாள் முன்பு இது நடந்தது. அதே ஆண்டு மே மாதம், துருக்கியர் முற்றுகையிட்ட கான்ஸ்டான்டினோபிளில், ஓர்பன் என்ற வார்ப்பாளர் செய்த ராட்சதப் பீரங்கி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அடுத்த நூற்றாண்டு ஓர்பன் வழியில் போகவில்லை. 1494இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸ் இத்தாலிக்குள் நுழைந்தபோது, அவர் பீரங்கிகள் பக்கங்களில் அச்சுமுளை வைத்த வெண்கலக் குழாய்கள். சக்கர வண்டியில் உட்கார்ந்து, குதிரை இழுக்க, படையோடு சேர்ந்து நடந்தன. வாயை மேலும் கீழும் ஆட்டிக் குறி பார்க்க ஓர் ஆப்பு போதும்.

1453 அக்டோபர் 19 அன்று போர்தோ பணிந்தது. மூன்று நூற்றாண்டுகளாக ஆங்கில அரசர்களைத் தன் பிரபுவாக ஏற்றிருந்த ஊர். இனி கலகம் செய்யாமலிருக்க அரசர் ஏழாம் சார்ல்ஸ் அங்கே ஹா, துரோம்பெத் என்று இரண்டு கோட்டைகளைக் கட்டினார். இரண்டும் வெளி எதிரியை விட ஊரைக் கண்காணிக்கத்தான். ழான் பூரோவுக்கு அந்த ஊரின் மேயர் பதவியே கிடைத்தது. துரோம்பெத்தை இடித்துக் கேங்கோன்ஸ் சதுக்கமாக்கிவிட்டார்கள். ஹா கோட்டையின் மிச்சம் நீதிமன்றக் கட்டடத்தை ஒட்டி இன்னும் இருக்கிறது. நாளை மாலை விமானம், காலையில் அங்கே போகிறேன். அந்தச் சுவரின் கனத்தையும் ஃபூஜேர் மாதிரி அளக்க விடுவார்களா என்று கேட்க வேண்டும்.